என் அண்ணனை எழுப்பியது யார்?

1

சாக்கிட் என்றால் நோவு. ஹாத்தி என்றால் மனசு. பத்து வருடத்துக்கு மேல் ஈப்போவில் குடியிருப்பவளுக்கு இந்த இரண்டு மலாய்ச் சொற்கள் போதாதா என்று நினைத்து, அரசாங்க கிளினிக்கில் சீட்டு எழுதும் மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், "சாயா சாக்கிட் ஹாத்தி" என்றேன். எனக்கு மனசு சரியில்லை என்று சொன்னதாக என் நினைப்பு.

அந்த மலாய்க்காரப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரியிடமும் சொன்னாள், அவளும் சிரித்தாள். "யாரோடு?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. துணைக்கு வந்திருந்த என் மகள் ஜெசிந்தாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

"அம்மா, சாக்கிட் ஹாத்தின்னா யார் மேலயோ கோவமா இருக்கேன்னு அர்த்தம். நீங்க சும்மா இருங்க, நான் பேசுறேன்."

பிறகு டாக்டர் அறையில் அவளே பேசினாள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் மலாயில் படிப்பவள். வீட்டில் தமிழ் பேசும்போது தேடித் தேடிப் பேசுகிறவள், அங்கே தடங்கலே இல்லாமல் பேசினாள். விடிந்து எழுந்ததும் எனக்குக் கை கால் ஓய்ந்துபோவதையும், குழாயடியில் காரணமில்லாமல் அழுவதையும், உலை வைத்துவிட்டு அரிசி போட மறப்பதையும் என்ன சொல்லிச் சொன்னாளோ தெரியாது. பெற்ற மகள், என் மனசை எனக்குத் தெரியாத மொழியில் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் நிமிரவில்லை. எழுதிக்கொடுத்தார்.

"எத்தனை நாளைக்குச் சாப்பிடணும்னு கேளும்மா."

"முடியிற வரைக்கும் சாப்பிடணுமாம்."

"முடிஞ்ச பெறகு?"

"மறுபடி வரணுமாம்."

நாற்காலி சூடாவதற்குள் வெளியே வந்துவிட்டோம். என்ன மாத்திரை, எதற்கு, வேறு என்ன செய்யவேண்டும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி இல்லை. கோபம் அங்கேதான் தொடங்கியது. அந்த மிஸ்ஸி கேட்டாளே, யாரோடு என்று. முதலில் அந்த டாக்டரோடு. ஆனால் அது சின்னக் கோபம். பெரிய கோபம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரிலிருந்து வந்தது.

2

என் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி, காரைக்குடியில் கடலை மண்டி வைத்திருப்பவர், மலேசியாவைப் பார்த்துப் போகலாம் என்று கப்பலில் பினாங்கு வந்திறங்கி, எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மாலை போட்டுப் பேசச்சொல்வது வழக்கம். ஊர் எப்படி இருக்கிறது, மழை உண்டா, இவ்வளவுதான் கேட்பார்கள். சித்தப்பா நன்றாகப் பேசுவார். வெள்ளை வேட்டி, கழுத்தில் செபமாலை, கணீரென்ற குரல்.

மழை, விளைச்சல் எல்லாம் சொல்லிவிட்டு, இங்கே பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றி ஆரம்பித்தார். அதிலிருந்து மாத்திரைக்கு வந்தார். நான் கிளினிக் போய்வந்ததை என் வீட்டுக்காரர் அவரிடம் சொல்லியிருந்தார்.

"மனச்சோர்வு, அதுக்கு மாத்திரை, இதெல்லாம் சீமைச் சரக்கு. நம்ம பக்கம் அது கெடையாது. வந்தாலும் நிக்காது. என் அண்ணன் மகனுக்கே வந்துச்சு. பள்ளிக்கூட வாத்தியாரு. படுத்த படுக்கையா கெடந்தான். டாக்டர்க மாத்திரையாக் குடுத்துக் கெடுத்தாக. நான் போனேன். அத்தனை மாத்திரையையும் அள்ளிக் கெணத்துல போட்டேன். ஒரு கண்டிப்பு, ஒரு வேண்டுதல். எந்திரிச்சு உக்காந்தான்! இன்னிக்கும் வேலை பாக்குறான்!"

சபை கைதட்டியது. முன்வரிசையில் இருந்தவர் எழுந்தே தட்டினார். என் வீட்டுக்காரரும் தட்டினார், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வாத்தியார் என் அண்ணன். நான் அந்த வீட்டில் இருந்தவள்.

3

அறுபதுகளின் நடுவில் நடந்தது. அம்மாவும் அப்பாவும் போய்விட்டபிறகு நான் திருப்பத்தூரில் அண்ணன் ஞானப்பிரகாசம் வீட்டில் இருந்தேன். அண்ணன் அங்கே உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். கோவிலில் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் முதல் குரல். மதினி பெயர் திரேசம்மாள், சிங்கம்புணரிக்காரர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், வாயாடி, எதற்கும் பயப்படாதவர்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அண்ணன் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மதினி போய்த் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லை.

"ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"மனசுக்கு?"

"அங்கயும் ஒண்ணுமில்ல, திரேசு. ஒண்ணுமே இல்ல. அதுதான்."

கடன் இல்லை, சாவு இல்லை, சண்டை இல்லை. இதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. காரணம் இருந்தால் இரக்கப்பட்டிருப்பார்கள். காரணம் இல்லாததால் ஆளுக்கொன்றைக் கண்டுபிடித்தார்கள். யாரோ செய்வினை என்றார்கள். குழந்தை இல்லாத ஏக்கம் என்று மதினி காதில் விழும்படி சொன்னார்கள். ஆம்பளைக்கு என்னடா அழுகை என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். கொழுப்பு என்றார்கள். சம்பளம் வாங்குறவன் திமிரு என்றார்கள். படுத்திருக்கும் மனிதனைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தவள், ஒவ்வொரு முகமும் இன்னும் நினைவிருக்கிறது.

மதுரையில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அண்ணன் தூங்கினார். காலையில் தூக்கம், மத்தியானம் தூக்கம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தூக்கம். அழுகை நின்றது. வந்து போகிறவர்கள், "இப்ப பரவாயில்லையே, சத்தமே இல்லையே" என்றார்கள். சத்தமில்லை என்பதே அவர்களுக்குக் குணம். மதினிக்கு மட்டும் நிம்மதி இல்லை.

"தூங்குறாக, சரி. முழிச்சா யாரு இருக்கா? அந்த ஆளை நான் பாத்து மாசமாச்சு," என்றார்.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கத்த ஆரம்பித்தார். மாத்திரைப் புட்டியை எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டார். அது மட்டும் உண்மை, அவர் மேடையில் சொன்னதில். அதோடு நிறுத்தவில்லை. கிழக்கே ஓர் ஊரில், மனம் பேதலித்தவர்களைக் கட்டிப்போட்டு வேண்டுதல் செய்யும் இடம் ஒன்று இருக்கிறது, மாதாமாதம் பணம் கட்டுவதாகப் பேசி அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்றார். "சங்கிலியில போட்டா மூணு மாசத்துல தெளிஞ்சிருவான்" என்றார். "அதுக்கு முன்னாடி என்னைப் போடணும்" என்று மதினி வாசலை மறித்து நின்றார். சித்தப்பா திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்.

தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை ஒரே நாளில் நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணனுக்குக் கை நடுங்கியது. தூக்கம் அடியோடு போனது. வேர்த்துக் கொட்டியது. சுவரோடு பேசினார். சில நாள் கழித்து ஒரு மத்தியானம், நானும் மதினியும் பின்கட்டில் இருந்தபோது, வீட்டை விட்டுப் போய்விட்டார்.

ஊரணியில் கண்டுபிடித்தோம். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். படித்துறையில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் "வாத்தியாரு குளிக்கிறாரு" என்று சிரித்தான். மதினி கட்டிய சேலையோடு இறங்கினார். கத்தவில்லை, இழுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இரண்டு பேரும் தண்ணீருக்குள் அப்படியே நின்றார்கள். நான் படியில் நின்று செபம் சொன்னேன், வார்த்தை தப்பித் தப்பி வந்தது.

வெகுநேரம் கழித்து அண்ணன் கேட்டார். "நீ எதுக்கு வந்த?"

"நீங்க வந்தீக, நானும் வந்தேன்."

"தண்ணி சில்லுனு இருக்கு, போ."

"ஆமா, சில்லுனுதான் இருக்கு. வீட்டுக்குப் போவமா?"

இதுதான் சித்தப்பாவின் கிணற்று வைத்தியத்தின் பலன். இதற்குத்தான் அந்தச் சபை கைதட்டியது.

4

மறுநாளே மதினி அண்ணனை பஸ்ஸில் ஏற்றி, வெளியூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். நானும் போனேன். அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. மாத்திரையைக் கிணற்றில் போட்ட கதையைக் கேட்டு அவருக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். எங்களுக்காகக் கோபப்பட வெளியாள் ஒருவர்கூட அதுவரை இல்லை.

அவர் முதலில் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அண்ணனோடு தனியாகப் பேசினார். நடையில் காத்திருந்து காத்திருந்து நான் தூங்கியே போனேன். பிறகு மதினியைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மாத்திரைய திரும்ப ஆரம்பிக்கேன். கொஞ்சங் கொஞ்சமா நானே கொறைப்பேன், வேற யாரும் தொடக்கூடாது. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. மாத்திரை தூங்க வைக்கும், எழுப்பி விடாது. எழுப்புறது உங்க வேலை."

அந்த வேலை என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தினமும் ஒரே நேரத்தில் எழுப்பவேண்டும், மனசு வந்தாலும் வராவிட்டாலும். வெயில் ஏறுமுன் நடக்க வைக்கவேண்டும். கையால் செய்கிற, அன்றே முடிகிற ஏதாவது ஒரு வேலை வேண்டும். தனியாக விடக்கூடாது. புத்தி சொல்லக்கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை தன்னிடம் வந்து பேசவேண்டும். "இதுல ஒண்ணும் பெரிசு இல்ல. ஆனா தெனமும் செய்யணும். அதுதான் யாராலயும் முடியல" என்றார்.

மதினியால் முடிந்தது. எப்படி முடிந்தது என்று கூட இருந்த எனக்கே இன்றுவரை ஆச்சரியம்.

விடியற்காலை அண்ணனை உட்கார வைப்பதே பெரிய பாடு. முதல் வாரம் தெருமுனை வரை நடந்து திரும்பினார்கள். அப்புறம் பஸ் நிலையம். அப்புறம் திருக்கோஷ்டியூர் சாலையில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும். மதினி பேசமாட்டார், பக்கத்தில் நடப்பார், அவ்வளவுதான். அண்ணன் பாதி வழியில் நின்றுவிடுவார், மதினியும் நிற்பார். "வாத்தியார பொண்டாட்டி மேய்க்கப் போறா" என்று டீக்கடையில் சொன்னவனிடம் மதினி நேராகப் போய், "ஆமா, மேய்க்கிறேன். ஒனக்கு மேய்க்க ஆள் இருக்கா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் பேச்சு இல்லை.

வேலைக்குக் கடலை உடைப்பது என்று முடிவானது. விதைக்கடலை மூட்டை வாங்கிவந்து, பக்கத்து வீட்டுப் பெண்களோடு நாங்கள் பின்கட்டில் உட்கார்ந்து உடைப்போம். அண்ணனையும் உட்கார வைத்தார். முதல் நாள் அவர் ஒரு படிகூட உடைக்கவில்லை. உடைத்ததைத் திரும்பத் திரும்பக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. விலைவாசியையும் மருமகள்களையும் பற்றிப் பேசினார்கள்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் மதினி சட்டம் போட்டார். "உக்காருறதுன்னா உக்காருங்க. புத்தி சொல்றதுன்னா வாசலோட போயிருங்க." பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். மிச்சம் வந்தவர்களில் இரண்டு பேர் உண்மையாகவே உட்கார்ந்தார்கள்.

இதையும் பார்க்க சித்தப்பா வந்தார். அண்ணன் மடியில் முறத்தோடு பெண்களுக்கு நடுவில் இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் பொங்கியது. "பி.எஸ்ஸி. படிச்சவனைப் பொம்பளைகளோட கடலை உடைக்க விட்டிருக்கா! குடும்ப மானம் போச்சு!" என்று தெரு கேட்கக் கத்தினார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சில மாதங்களில் அவர் தானாக யாரிடமும் பேசியதில்லை. "சித்தப்பா," என்றார், "நீங்க மண்டியில கடலைதான விக்கிறீக?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதினி எழுந்து அடுக்களைக்குள் போனார். நான் பின்னால் போனபோது அடுப்புக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தார். அப்போதுதான் அவர் அழுது பார்த்தேன்.

மாத்திரை மெல்லக் குறைந்து, அடுத்த வருடம் நின்றது. வாராவாரம் டாக்டரம்மாவிடம் அண்ணன் என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பழைய பள்ளிக்கூடம் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. பைத்தியம் இல்லை என்று அரசாங்க டாக்டர் எழுதித்தர வேண்டும் என்றார்கள். எழுதி வாங்கிப் போனதும், அது பழைய தேதி என்றார்கள். கடைசியில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். அங்கேதான் இன்னும் இருக்கிறார். நோய் இரண்டு தடவை திரும்பியும் வந்தது. ஒரு தடவை நடையும் பேச்சுமே போதுமானதாக இருந்தது. இன்னொரு தடவை சில மாதம் மாத்திரையும் வேண்டியிருந்தது. அதற்காக யாரும் வெட்கப்படவில்லை.

5

ஈப்போ சபையில் நான் எழுந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுந்து பேசும் வழக்கம் இல்லை. தலைவர் நன்றியுரைக்குத்தான் எழுந்தேன் என்று நினைத்து மைக்கை நீட்டினார்.

"சித்தப்பா சொன்ன வாத்தியாரு என் கூடப்பொறந்த அண்ணன்," என்றேன். "அவுகள எழுப்புனது சித்தப்பா இல்ல. எங்க மதினி. மாத்திரையக் கெணத்துல போட்ட வாரத்துல எங்க அண்ணனை நாங்க ஊரணித் தண்ணியில இருந்துதான் கூட்டியாந்தோம். மருந்தக் கொறைச்சும் ஆளை எழுப்பலாம். டாக்டர் பக்கத்துல இருக்கணும், வீட்டுல ஒரு ஆளு ஒரு வருஷம் தன் வாழ்க்கையக் குடுக்கணும். சங்கிலியக் குடுத்தா முடியாது. கைதட்டுனவுக எல்லாம் அதையும் தெரிஞ்சுக்கிட்டுத் தட்டுங்க."

யாரும் தட்டவில்லை. தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் எங்களைக் காரில் ஏற்றினார். ஜெசிந்தா பின்சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

6

மறுநாள் காலை, வீட்டுக்காரர் வேலைக்குப் போனபிறகு, சித்தப்பா அடுக்களைக்கு வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன்.

"அந்த டாக்டரம்மா இன்னும் இருக்காகளா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். அவருடைய கடைசி மகள் பிலோமினா, பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவள், அந்தப் பிள்ளையைத் தூக்கவே இல்லையாம். பேச்சு நின்றுவிட்டதாம். பிள்ளையைச் சித்தி வளர்க்கிறாராம்.

"பிலோமினா இப்ப எங்க இருக்கா?"

"கெழக்க. அந்த வேண்டுதல் எடத்துல."

"கட்டியா போட்டிருக்கீக?"

தலையைக் குனிந்தார். "நீளச் சங்கிலிதான். நடமாடலாம்."

அவளைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் இந்த மனிதன் கப்பல் ஏறியிருக்கிறார். அவளைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் மாலை வாங்கிக்கொண்டு எங்கள் சபையில் பேசியிருக்கிறார்.

"உடனே தந்தி குடுத்து அவுக்கச் சொல்லுங்க."

"அவுக்க முடியாது. அங்குட்டு இருக்கவுக எரக்கப்பட்டு விட்டுருவாகன்னு..." என்று இழுத்தவர், பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்துக் காட்டினார்.

கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார். நான் பிடுங்கிக்கொண்டேன். பெரியவர், அப்பாவின் தம்பி என்றெல்லாம் பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், இங்கே எழுத முடியாது.

நானே கிளம்பிப் போயிருப்பேன். ஆனால் என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. திரும்பிவர அனுமதி வாங்காமல் போனால் பிள்ளைகளிடம் திரும்ப முடியாது. அந்த அனுமதிக்கு எத்தனை ஜன்னலில் நிற்கவேண்டும் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் தபாலாபீசுக்கு ஓடினேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி மதினிக்குத் தந்தி கொடுத்தேன். பிலோமினா கிழக்கே சங்கிலியில் இருக்கிறாள், சாவி இங்கே இருக்கிறது, உடைத்துக் கூட்டிவாருங்கள் என்று. தமிழ் தெரிந்த குமாஸ்தா படித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பதில் வருகிற வரைக்கும் சித்தப்பாவும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம், பேசிக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு நாள் நான் ஜெசிந்தாவோடு மறுபடி கிளினிக் போய், அந்த டாக்டர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தேன். நிமிர்ந்தார். என் மாத்திரை என்ன, எத்தனை நாள், எப்போது குறைப்பது என்று இப்போது எனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேசுகிற டாக்டர் ஒருவருக்கும் சீட்டு வாங்கியிருக்கிறேன். காலையில் நானும் மகளும் ஆற்றோரம் நடக்கிறோம். அவள் மலாய்ச் சொல் கற்றுத் தருகிறாள், நான் தமிழ்ச் சொல். என் அழுகை நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், குறைந்திருக்கிறது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. மாத்திரை வேண்டாம் என்று நான் எழுதவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு மனிதனை மறந்துபோகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம், மனிதனைக் கட்டிப்போட்டுவிட்டு அதற்குப் பண்பாடு என்று பெயர் வைக்கிறவர்கள் மேலும் கோபம். உங்கள் வீட்டில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்களா, போய்ப் பாருங்கள்.

மதினியின் தந்தி ஒரு மத்தியானம் வந்தது. நான் உரக்கப் படித்தேன். பூட்டை அறுத்தாச்சு. பிலோமினா எங்க வீட்டுல. நேத்து சாப்பிட்டா.

சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். யாரைக் கேட்டு அறுத்தார்கள் என்று கத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில் கேட்டார்.

"என்ன சாப்பிட்டாளாம்?"

"தந்தியில அது இல்ல சித்தப்பா," என்றேன். "போய் அவளைக் கேளுங்க."

அன்று சாயங்காலமே கப்பல் சீட்டை முன்தேதிக்கு மாற்றிவரப் போனார்.